கிண்ணம் நிறையச் சோறு, மேலே பன்றிக்கறி

அரிசி விலை இரண்டு மடங்கான ஜப்பானில் ஒரு வீட்டுச் சாப்பாடு என்ன பாடுபட்டது? அதே சாப்பாட்டை நம் அடுப்பில் சமைப்பது எப்படி?

2025 மே 31, சனிக்கிழமை காலை. டோக்கியோவின் தென்பகுதியான ஓமோரியில் ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட். கடை திறக்க இன்னும் நேரம் இருக்கிறது, வாசலில் வரிசை நீண்டுகொண்டே போகிறது. முதியவர்களும் குழந்தைக்காரர்களும் காத்து நிற்பது 5 கிலோ அரிசிப் பைக்காக. குடும்பத்துக்கு ஒரு பைதான். விலை, வரியோடு 2,160 யென். பைக்குள் இருப்பது புது அரிசியும் அல்ல. 2022-ல் அறுவடையாகி அரசுக் கிடங்கில் அடுக்கி வைத்திருந்த பழைய அரிசி. அதே மாதம் சாதாரண அரிசி 5 கிலோ 4,200 யென்னுக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது. அப்போது ஒரு யென் நம் பணத்தில் சுமார் 60 காசு.

பையை வீட்டுக்குத் தூக்கிப் போனவர்களுக்கு அடுத்த கவலை, இந்தப் பழைய அரிசியை எப்படிச் சமைப்பது என்பது. கூடுதல் நேரம் ஊற வையுங்கள், தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள், மிரின் என்ற இனிப்புச் சமையல் மதுவில் ஒரு கரண்டி ஊற்றுங்கள் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். வெறும் சோறாகத் தின்னாமல், சாறு கீழே இறங்கும்படி மேலே கறியை அடுக்கிச் சாப்பிடுங்கள் என்பதும் அதில் ஒன்று.

அப்படி ஆழமான கிண்ணத்தில் சோறும் மேலே கறியுமாகப் பரிமாறுவதைத்தான் ஜப்பானியர் டொன்பூரி என்கிறார்கள். அதில் பன்றிக்கறி வைத்தது புட்டாடொன். இன்று ஜப்பானியச் சமையல் வீடியோக்களைப் பார்க்கும் நம் இளைஞர்கள் முதலில் முயன்று பார்க்க விரும்பும் பதார்த்தங்களில் இதுவும் ஒன்று. மசாலா அரைக்கும் வேலை இல்லை, நேரமும் அதிகம் பிடிக்காது. ஆனால் இதைக் கறிச் சமையலாக எண்ணி இறங்குகிறவர்கள் கறியில் முழுக் கவனத்தையும் செலவழித்துவிட்டுச் சோற்றைக் கோட்டைவிடுகிறார்கள். புட்டாடொன் சோற்றுச் சமையல். மேலே இருக்கும் கறியும் சாறும் அந்தச் சோற்றைக் கடைசிப் பருக்கைவரை சாப்பிட வைப்பதற்காக இருப்பவை. அரிசி விலை ஏறியதும் ஜப்பான் அவ்வளவு கலங்கிப்போனது ஏன் என்பது இந்தக் கிண்ணத்தைப் பார்த்தால் விளங்கும்.

ஒபிஹிரோவின் கரி அடுப்பு

ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவு. அதன் தென்கிழக்கே டொகாச்சிச் சமவெளி, அதில் ஒபிஹிரோ நகரம். 1883-ல் யோதா பென்சோ என்பவரின் தலைமையில் ஒரு குழு இங்கே காடு திருத்த வந்தது. உறைபனியும் வெட்டுக்கிளியும் பயிரை அழித்தன. அவர்கள் கொண்டுவந்த கால்நடைகளில் பன்றிகளும் இருந்தன. அன்று தொட்டு அந்த மண்ணில் பன்றி வளர்ப்பு நிலைத்தது.

1933-ல் ஒபிஹிரோ ரயில் நிலையத்துக்கு எதிரே பான்ச்சோ என்ற உணவகத்தை நடத்திய அபே என்பவர், உழைத்துக் களைத்து வரும் சாதாரண மக்களுக்குத் தெம்பான ஒரு சாப்பாடு வேண்டும் என்று நினைத்தார். டோக்கியோவில் அப்படிப்பட்ட சாப்பாடு என்றால் விலாங்கு மீன். பிளந்த மீனைச் சோயா சாஸும் சர்க்கரையும் கலந்த சாற்றில் தோய்த்துத் தோய்த்துக் கரியில் சுட்டு, சோற்றின் மேல் வைப்பார்கள். டொகாச்சியில் அந்த மீனுக்கு எங்கே போவது? கையில் இருந்தது பன்றி. அதே சாறு, அதே கரி, மீன் இருந்த இடத்தில் பன்றிக்கறி. இப்படிப் பிறந்ததுதான் ஒபிஹிரோ புட்டாடொன்.

இன்றும் அந்த ஊர்க் கடைகளில் கறியைச் சற்றுத் தடிமனாக, முதுகுப்புறத்திலிருந்து அறுக்கிறார்கள். கம்பி வலைமேல் சுடும்போது கொழுப்பு கரியில் சொட்டிப் புகை எழும்பும். அந்தப் புகை திரும்பக் கறியிலேயே படியும். ஓரம் கருக ஆரம்பித்ததும் எடுத்துச் சாற்றில் முக்கி மறுபடி வலையில் போடுவார்கள். கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டிக் கறி தொங்க, உச்சியில் சில பச்சைப் பட்டாணி. சோறு வெளியே தெரியவே தெரியாது.

பன்றிக்கறிக் கிண்ணத்துக்கு வேறு வம்சங்களும் உண்டு. ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த கறித்துண்டை வெங்காயம், முட்டையோடு கொதிக்கவிட்டுச் சோற்றில் சாய்ப்பது கட்சுடொன். பொரித்த துண்டை 1899-ல் டோக்கியோவின் கின்சாவில் உள்ள ரெங்காதெய் உணவகம் பரிமாறத் தொடங்கியது. அதைக் கிண்ணத்துக்குள் முதலில் வைத்தவர் யார் என்பதில் வாசெதா பல்கலைக்கழக வட்டாரத்துக் கடைகளும் ஃபுகுய் நகரமும் உரிமை கொண்டாடுகின்றன. ஃபுகுய் கட்சுடொன்னில் முட்டையே கிடையாது, சாஸில் முக்கி அப்படியே சோற்றின் மேல் வைப்பார்கள். வீட்டில் முதல்முறை சமைக்கிறவர்களுக்கு நான் ஒபிஹிரோ வழியைத்தான் சொல்வேன். எண்ணெய் காய வைத்துப் பொரிக்கும் வேலை இல்லை. தவறு செய்தாலும் பாதியில் திருத்திக்கொள்ளலாம்.

மாட்டுக்கறி நின்ற நாள்

பல காலம் புட்டாடொன் வடக்கத்திச் சாப்பாடாகவே இருந்தது. அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது ஒரு நோய். 2003 டிசம்பரில் அமெரிக்காவில் மாடு ஒன்றுக்குப் பித்தப்பசு நோய் இருப்பது தெரியவந்து, ஜப்பான் அமெரிக்க மாட்டிறைச்சியை நிறுத்தியது. 1899-ல் டோக்கியோ மீன் சந்தையில் தொடங்கி நாடெங்கும் கிளை பரப்பிய யோஷினோயா நிறுவனத்தின் உயிர்நாடி, அமெரிக்க மாட்டுக்கறி வைத்த கிண்ணம். கையிருப்பு தீர்ந்து 2004 பிப்ரவரி 11-ல் அந்த விற்பனை நின்றது. கடைசிக் கிண்ணத்தைச் சாப்பிட மக்கள் வரிசையில் நின்றார்கள்.

அந்தக் காலி இடத்துக்குப் பன்றிக்கறி வந்தது. மெல்லிசாகச் சீவிய கறியை வெங்காயத்தோடு சாற்றில் வேகவைத்துப் போட்டார்கள். ஒபிஹிரோக்காரர் அதைத் தங்கள் புட்டாடொன் என்று ஏற்கமாட்டார், அந்த வருத்தம் நியாயமானதே. ஆனாலும் மலிவான, சூடான, வயிறு நிறைக்கும் பன்றிக்கறிச் சோறு அலுவலகம் போகிறவர்களின் அன்றாடச் சாப்பாடானது அப்போதுதான். 2006 செப்டம்பரில் மாட்டுக்கறி திரும்பிய பிறகும் பன்றிக்கறிக் கிண்ணத்துக்கு ருசிகண்டவர்கள் அதை மறந்துவிடவில்லை.

பெட்டிச் செய்தி: கடல் கடந்து வந்த 550 பன்றிகள்

ஜப்பானில் பன்றிக்கறியைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் இடம் தெற்கே உள்ள ஒகினாவா. 1945-ல் அங்கே நடந்த போரில் மக்களோடு கால்நடைகளும் அழிந்தன. ஹவாயில் குடியேறியிருந்த ஒகினாவாக்காரர்கள் ஊர்ப்பசியைக் கேள்விப்பட்டுப் பணம் திரட்டினார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 550 பன்றிகளை வாங்கிக் கப்பலேற்றினார்கள். தங்களில் 7 பேரை உடன் அனுப்பினார்கள். புயலில் சிக்கித் தடுமாறிய கப்பல் 1948 செப்டம்பரில் கரை சேர்ந்தது. ஒகினாவாவின் பன்றி வளர்ப்பு மீண்டெழ அது கைகொடுத்தது.

அரிசி எங்கே போனது?

2023 கோடை ஜப்பானுக்குக் கொடுமையான கோடை. நெல் மணி பிடிக்கும் நேரத்தில் வெயில் கொளுத்தியது. பேர்பெற்ற நீகாத்தா மாகாணத்தின் கொஷிஹிகாரி அரிசியில் வழக்கமாக முக்கால் பங்குக்கு மேல் முதல் தரம் தேறும். அந்த வருஷம் சுமார் 5 சதவீதம்தான் தேறியது. வெப்பம் தாங்காத மணிகள் வெள்ளை வெளேரென்று மாவாகி, ஆலையில் நொறுங்கின. மூட்டைக் கணக்கில் பெரிய குறை தெரியவில்லை. தீட்டிய அரிசியில்தான் குறை தெரிந்தது.

2024 ஆகஸ்ட் 8-ல் தெற்கே ஒரு நிலநடுக்கம். அதைவிடப் பெரியது வரக்கூடும் என்று அரசு எச்சரித்ததும் மக்கள் அரிசியை வாங்கிக் குவித்தார்கள். கடை அலமாரிகள் காலியாகின. புது அறுவடை வந்தால் சரியாகும் என்றார்கள். வந்தது, ஆனால் விலை இறங்கவில்லை. 2024 தொடக்கத்தில் 5 கிலோ சுமார் 2,000 யென். 2025 வசந்தத்தில் அது 4,000-ஐத் தாண்டியது. அந்த நேரம் பார்த்து வேளாண் அமைச்சர் எதோ தாகு, தான் அரிசி வாங்கியதே இல்லை, ஆதரவாளர்கள் நிறையக் கொடுத்துவிடுகிறார்கள் என்று மேடையில் பேசினார். மே 21-ல் பதவி விலகினார். பின்னால் வந்த கொய்சுமி ஷின்ஜிரோ, சேமிப்பு அரிசியை நேரடியாகக் கடைகளுக்குக் கொடுத்தார். ஓமோரி வரிசை அதனால் உண்டானது.

வெயிலையும் பீதியையும் மட்டும் காரணம் சொல்லி முடித்துவிட முடியாது. ஒரு ஜப்பானியர் 1962-ல் ஆண்டுக்கு 118 கிலோ அரிசி சாப்பிட்டார். இன்று அது சுமார் 51 கிலோ. சாப்பாடு குறைந்ததால் விளைச்சலையும் குறைக்க 1970-லிருந்து அரசே உழவர்களுக்குப் பணம் கொடுத்து நிலத்தைத் தரிசாகவோ வேறு பயிருக்கோ விடச்சொன்னது. விளைச்சலுக்கு வைத்த அந்த வரம்பு 2018-ல் முடிந்தாலும், நெல்லைவிட்டு நகர்கிறவர்களுக்கு உதவித்தொகை தொடர்கிறது. 2000-ல் 17 லட்சத்துக்கு மேல் இருந்த நெல் விவசாயக் குடும்பங்கள் 2020-ல் 7 லட்சம். உழவர்களின் சராசரி வயது 70-ஐத் தொட்டுக்கொண்டிருக்கிறது. தேவைக்கு நூல் பிடித்தாற்போல் விளைவிக்கும் நாட்டில் ஒரு வெயில் காலம் போதும், எல்லாம் ஆட்டம் காண.

கிண்ணத்தில் என்ன மாறியது?

ஒரு நிறைவான கிண்ணத்துக்கு 300 கிராம் சோறு வேண்டும். அரிசியாக 135 கிராம். பழைய விலையில் இது 55 யென்னுக்குள் அடங்கியது. ஏறிய விலையில் 115 யென். ஒரு கிண்ணத்துக்கு 60 யென் பெரிய தொகையாகத் தோன்றாது. வளரும் பிள்ளைகள் உள்ள வீட்டில், இரண்டாம் முறை கிண்ணத்தை நீட்டுகிறவனுக்கு எடுத்து வைக்கும்போதுதான் அது உறைக்கும். ஜப்பானில் டொன்பூரி என்றாலே வயிறு நிறையச் சாப்பிடும் உரிமை. கறியைக் குறைத்துச் சோற்றைக் கூட்டித் தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் நடத்திய தாய்மாருக்கு அந்தக் கணக்கே தலைகீழானது.

கறி பக்கமும் ஆறுதல் இல்லை. ஜப்பானில் சாப்பிடும் பன்றிக்கறியில் சுமார் பாதி இறக்குமதி. உள்ளூர்ப் பன்றி தின்னும் மக்காச்சோளமும் வெளியிலிருந்து வருவதால், தீவனத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் தன்னிறைவு பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2024 ஜூலையில் ஒரு டாலர் 160 யென்னைத் தாண்டியபோது அந்தச் சுமை முழுக்கக் கறிக்கடை விலைப்பலகையில் இறங்கியது. வீடுகளில் முதுகுக்கறி போய் வயிற்றுக்கறி வந்தது. வயிற்றுக்கறியும் போய், அறுக்கும்போது மிஞ்சும் துண்டு துணுக்குகள் வந்தன. துணுக்குக்கறி புட்டாடொன்னுக்குக் குறைவான பண்டமே இல்லை. சாறு அதில் நன்றாகப் பிடிக்கும்.

சங்கிலி உணவகங்கள் விலையை ஏற்றின. வெளிநாட்டு அரிசி, பல்லாண்டுகளாகக் கிலோவுக்கு 341 யென் தீர்வைச் சுவரால் தடுத்து நிறுத்தப்பட்டிருந்த அரிசி, அந்தத் தீர்வையையும் கட்டிக்கொண்டு உள்ளே வரத் தொடங்கியது. கலிஃபோர்னியாவின் கால்ரோஸ் அரிசி சூப்பர்மார்க்கெட் அலமாரிக்கு வந்தது. தென்கொரியாவிலிருந்தும் அரிசி வந்தது.

எனக்கு மனசு அதிகம் கனப்பது குழந்தைகள் உணவகங்களை நினைத்துத்தான். 2012-ல் ஓமோரி இருக்கும் அதே ஓதா வார்டில், காய்கறிக் கடை நடத்திய ஒரு பெண்மணி வீட்டில் சரியாகச் சாப்பாடு கிடைக்காத பிள்ளைகளுக்காகத் தொடங்கியது இந்த முயற்சி. இன்று நாடு முழுக்க 10,000-க்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலும் நன்கொடை அரிசியை நம்பி நடப்பவை. கூட்டமாக வரும் பிள்ளைகளுக்கு ஒரே பாத்திரத்தில் சமைத்து வயிறு நிறைய வைக்க டொன்பூரியைவிட ஏற்ற சாப்பாடு கிடையாது. அரிசி விலை ஏறி நன்கொடை சுருங்கும்போது முதலில் அடிபடுவது இந்தக் கிண்ணங்கள். அரசுச் சேமிப்பில் ஒரு பங்கு இவர்களுக்கு இலவசமாகப் போகிறது. அது எந்தக் காலத்திலும் குறையக்கூடாது.

விலையைப் பழைய இடத்துக்கே இறக்க வேண்டும் என்று கேட்பதும் சரியில்லை. உரமும் டீசலும் ஏறிய பின் அந்தப் பழைய விலையில் 70 வயது உழவர் தன் மகனை எப்படி வயலுக்கு அழைப்பார்? சாப்பிடுகிறவருக்கு மானியம், விளைவிக்கிறவருக்கு நியாய விலை என்று இரண்டையும் சேர்த்துத் தாங்க வேண்டியது அரசின் கடமை.

பெட்டிச் செய்தி: இருவருக்கு அளவு

அரிசி 270 கிராம். கொழுப்போடு கூடிய எலும்பில்லாத பன்றிக்கறி 300 கிராம், 4 அல்லது 5 மில்லிமீட்டர் கனத்தில். டாரே எனப்படும் சாற்றுக்கு: சர்க்கரை 3 மேசைக்கரண்டி, சோயா சாஸ் 4, மிரின் 3, சாக்கே என்ற அரிசி மது 2. மிரின் கிடைக்காவிட்டால் கூடுதலாக ஒரு கரண்டி சர்க்கரையும் இரண்டு கரண்டி தண்ணீரும். சாக்கேக்குப் பதில் தண்ணீர். மேலே தூவ வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி, வேகவைத்த பச்சைப் பட்டாணி, மிளகுத்தூள்.

அடுப்படியில்

முதலில் அரிசி. ஃபுகுயில் உருவாகி 1956-ல் பெயர் சூட்டப்பட்ட கொஷிஹிகாரி, ஜப்பானியரின் செல்ல அரிசி. பளபளப்பு, இனிப்பு, ஒட்டும் தன்மை எல்லாம் உண்டு. புட்டாடொன்னுக்கு அதுவே சிறந்தது என்று நான் சொல்லமாட்டேன். மிகவும் ஒட்டும் சோற்றில் சாறு மேலேயே தேங்கி நிற்கும். ஹொக்கைடோவில் 1988-ல் வெளிவந்த கிராரா 397 என்ற அரிசி அவ்வளவு ஒட்டாது. அதனாலேயே டொன்பூரிக் கடைகள் அதைத் தேடி வாங்கின. பருக்கைகள் குச்சியில் எடுக்குமளவு சேர்ந்திருக்க வேண்டும், சாறு அடிவரை இறங்குமளவு விலகியும் இருக்க வேண்டும். பழைய அரிசி ஒட்டுவது குறைவு. சேமிப்பு அரிசி வாங்கியவர்களுக்குக் கறியை மேலே அடுக்கச் சொன்ன யோசனை பொருத்தமாக இருந்ததும் இதனால்தான்.

நம் வீட்டில் பொன்னிப் பச்சரிசி போதும். புழுங்கலும் பாஸ்மதியும் வேண்டாம். வந்து சில நாளே ஆன புது அரிசி குழையும், ஆறு மாதம் கடந்தது நல்லது. மூன்று நான்கு தண்ணீரில் கழுவி அரை மணி நேரம் ஊறவிட்டு, வடிக்காமல், தண்ணீர் சுண்டும்படி கனமான மூடி போட்ட பாத்திரத்தில் வேகவையுங்கள். அடுப்பை அணைத்த பின் 10 நிமிடம் மூடியைத் திறக்கவே கூடாது. பிறகு அடியிலிருந்து மேலாகக் கிளறி ஆவியை விடுங்கள்.

சோறு வேகும்போது டாரே. சர்க்கரையை ஒரு கரண்டி தண்ணீரோடு சிறு பாத்திரத்தில் காய்ச்சுங்கள். தேன் நிறம் வந்து அதையும் தாண்டிக் கட்டன் சாயா நிறத்தை எட்டும்போது, கொஞ்சம் தள்ளி நின்று, இரண்டு கரண்டி வெந்நீரை ஊற்றுங்கள். சீறி அடங்கும். அந்தக் கருகலின் மெல்லிய கசப்புதான் கரி அடுப்பு இல்லாத வீட்டில் கரிச்சுவைக்கு ஈடு. இப்போது மிரினும் சாக்கேயும் விட்டு ஒரு கொதி, பிறகு சோயா சாஸ், இன்னும் ஒரு கொதி. நம் கடைகளில் டார்க் என்று எழுதிய சோயா சாஸ் வெறும் நிறமும் உப்புமாக இருக்கும், அதைத் தவிருங்கள்.

கறி வாங்குவதில்தான் நமக்குச் சிக்கல். வெண்பன்றிக் கறிக்கடையில் தோலும் எலும்புமாகத் துண்டு போட்டுத்தான் தருவார்கள். துண்டு போடாமல் முழுத் தட்டையாகக் கேளுங்கள், தோலை எடுத்துவிடச் சொல்லுங்கள். வீட்டில் ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் கறி கெட்டிப்படும், கூரான கத்தியில் ஒரே சீராக அறுக்க வரும். கொழுப்புக்கும் சதைக்கும் நடுவே வெள்ளையாக ஓடும் நரம்பைக் கத்தி முனையால் அங்கங்கே கீறிவிடுங்கள். கீறாவிட்டால் வாணலியில் சுருண்டுகொள்ளும்.

இரும்பு வாணலி காய்ந்ததும் எண்ணெய் விடாமல் கறியைப் பரப்புங்கள். அதன் கொழுப்பே போதும். ஒரு பக்கம் நன்றாகச் சிவந்த பிறகே திருப்ப வேண்டும், அவசரப்பட்டுக் கிண்டினால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். இரு பக்கமும் சிவந்ததும் வாணலியில் ஊறி நிற்கும் கொழுப்பைக் காகிதத்தால் ஒற்றி எடுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாவிட்டால் டாரே கறியில் ஒட்டவே ஒட்டாது, வழுக்கிக் கீழே போகும். பிறகு முக்கால் பங்கு டாரேயை ஊற்றித் தீயைக் கூட்டுங்கள். முதலில் பொடிக் குமிழ்களாக நுரைக்கும். வற்ற வற்றக் குமிழ் பெரிதாகி, மெதுவாக உடையும். அப்போது கறியைப் புரட்டிப் புரட்டிப் பூசி, உடனே இறக்குங்கள். இன்னும் அரை நிமிடம் விட்டால் கசந்துவிடும்.

கிண்ணத்தில் பாதிச் சோறு, அதன்மேல் ஒரு கரண்டி டாரே. மீதிச் சோறு, மேலே கறி. பொடியாகச் சீவித் தண்ணீரில் போட்டெடுத்த வெங்காயத்தாள், பட்டாணி, மிளகுத்தூள். பக்கத்தில் வினிகரில் ஊறிய முள்ளங்கி இருந்தால் நல்லது. பன்றி சாப்பிடாதவர்கள் கோழித்தொடைக் கறியில் இதையே அப்படியே செய்யலாம்.

பெட்டிச் செய்தி: நன்றாக வேக வேண்டும்

பச்சைப் பன்றியீரலைப் பரிமாறும் கடைகள் பெருகியதால் 2015 ஜூனில் ஜப்பான் அதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. ஈரலழற்சி ஈ கிருமியும் ஒட்டுண்ணிகளும் காரணம். கறியின் நடுப்பகுதி 63 டிகிரியில் 30 நிமிடமோ, 75 டிகிரியில் ஒரு நிமிடமோ வேக வேண்டும் என்பது கணக்கு. நம் ஊரில் நாடாப்புழு குறித்த பயமும் நியாயமானது. மெல்லிய துண்டுகள் சீக்கிரம் வேகும், உள்ளே இளஞ்சிவப்பு தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும். பச்சைக்கறி அறுத்த பலகையில் வெங்காயத்தாளை அறுக்காதீர்கள்.

மிஞ்சிய டாரேயைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். கறி பட்ட டாரேயை அதில் கலக்க வேண்டாம். அடுத்த நாள் அவித்த முட்டையை உரித்து ஓர் இரவு அதில் போட்டு வையுங்கள். கத்தரிக்காயை நீளவாட்டில் அறுத்துத் தவாவில் சுட்டு, அதே டாரேயைப் பூசிச் சோற்றின் மேல் வைத்தால், கறி வாங்காத நாளுக்கும் ஒரு கிண்ணம் ஆயிற்று.